எழுத்துத் தேர்வா, செய்முறைத் தேர்வா? அவசர உதவிப் பயிற்சி நடத்தும் டீச்சருக்கு ஒரு பதில்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டீச்சர் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, எங்கள் தோட்டத்து இளைஞர்கள் 20 பேருக்கு மூன்று நாள் அவசர மருத்துவ உதவிப் பயிற்சி வைத்திருக்கிறோம். பயிற்றுநர்கள் மூன்று பேர். சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதும் உதவி) பழகும் பொம்மை இரண்டு. கடைசியில் பிள்ளைகளை எப்படிச் சோதிப்பது என்று எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். ஒருவர் எழுத்துத் தேர்வே போதும் என்கிறார், இன்னொருவர் செய்முறைதான் வேண்டும் என்கிறார். எத்தனை மார்க் எடுத்தால் பாஸ் போடுவது? தேர்வுக்கு நேரம் ஒதுக்கினால் பயிற்சி நேரம் குறைந்துவிடாதா?"

டீச்சர், நானும் தோட்டத்து டிரெஸ்ஸராக, அதாவது தோட்ட மருந்தகத்து உதவியாளராக, வேலையைத் தொடங்கியவன்தான். பிறகு பல வருடம் பயிற்சி கொடுத்தேன். ஆரம்பத்தில் நான் எழுத்துத் தேர்வுக் கட்சி. காரணம் வேறொன்றுமில்லை, திருத்துவது சுலபம். அரை மணி நேரத்தில் 20 தாளைத் திருத்திவிட்டு கோப்பி குடிக்கப் போய்விடலாம்.

ஒரு தடவை ஒரு பையன் 20 கேள்விக்கு 19 சரியாக எழுதியிருந்தான். "30 அழுத்தம், 2 ஊதல்" என்று கோடு போட்டு அழகாக எழுதியிருந்தான். இரண்டு வாரம் கழித்துச் சும்மா பொம்மையைத் தரையில் போட்டு, "தம்பி, இவர் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார், பார்" என்றேன். மண்டி போட்டான். கையைப் பொம்மையின் வயிற்றுப் பக்கம் கொண்டுபோனான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "சார், இப்போ என்ன செய்யணும்?" என்றான். அந்த 19 மார்க்கைப் போட்டவன் நான். அவன் எழுதியதில் தப்பே இல்லை, நான்தான் வேறு எதையோ அளந்திருக்கிறேன்.

அதனால் எந்தத் தேர்வு நல்லது என்று தொடங்காதீர்கள். இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று தொடங்குங்கள். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் இதை நான்கு படியாகப் பிரித்தார். கீழ்ப்படி, விஷயம் தெரியும். அடுத்தது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியும். மூன்றாவது, செய்து காட்டுவார். உச்சிப்படி, நிஜ வேலையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு கீழே இருக்கிற இரண்டு படிக்கு மேல் ஏறாது. உங்கள் பிள்ளைகள் நாளைக்கு செம்பனைக் காட்டுக்குள் நிற்கப் போகிறவர்கள், குறைந்தது மூன்றாவது படியையாவது நீங்கள் பார்த்தாக வேண்டும். நான்காவது படியை வகுப்பறையில் பார்க்க முடியாது, அதை விட்டுவிடுங்கள்.

எழுத்துத் தேர்வைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் எல்லாரையும், நிறைய தலைப்பில், ஒரே மாதிரியாகக் கேட்க அதை விட்டால் வழியில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கண்ணை மூடிக் குறி போடுகிறவனுக்கும் 20க்கு 5 விழும். அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. இன்றைக்குத் தோட்டத்தில் நம் ஆட்கள் மட்டுமா இருக்கிறார்கள்? வங்காளதேசத்துத் தொழிலாளர், இந்தோனேசியர், நேப்பாளி எல்லாரும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளிலும் தமிழ் சரளமாகப் பேசி, வாசிக்கத் திணறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நீங்கள் வைப்பது முதலுதவித் தேர்வு அல்ல, வாசிப்புத் தேர்வு. அப்படிப்பட்டவர்களை உட்கார வைத்து வாயால் கேளுங்கள். யாரைக் கேட்டாலும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள், அதற்காக ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரே பெரிய சம்பவத்தை நடிக்க வைத்து அரை மணி நேரம் பார்ப்பது கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒருவன் நன்றாகச் செய்தான் என்பதை வைத்து இன்னொன்றிலும் நன்றாகச் செய்வான் என்று சொல்ல முடியாது. ரத்தப்போக்கை அழகாக நிறுத்துகிறவன் பாம்புக்கடியில் குழம்புவான். அதனால் நீளமான ஒரு சோதனையைவிடக் குட்டிக் குட்டியாக நான்கைந்து சோதனை நம்பகமானது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் மார்க் போட்டால் இன்னும் நல்லது. இப்படி நிலையம் நிலையமாகச் சுற்றி வருகிற தேர்வை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் எழுதி வெளியிட்டார்கள். டாக்டர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஓஸ்கி, ஓஸ்கி என்று புலம்புவார்களே, அதுதான்.

நீங்கள் 20 பேருக்கு எங்கே நேரம் என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு நிலையம். ஒவ்வொன்றும் 5 நிமிடம், மாறுவதற்கு 1 நிமிடம். நான்கு பேர் ஒரே நேரத்தில் சுற்றினால் 24 நிமிடத்தில் ஒரு குழு முடிந்தது. ஐந்து குழு, 120 நிமிடம். இரண்டே மணி நேரம். பயிற்றுநர் மூன்று பேர்தானே என்றால், நான்காவது நிலையத்துக்கு ஆள் தேவையில்லை, அங்கே கேள்வித்தாளை வையுங்கள். முடித்தவர்களைக் காத்திருப்பவர்களோடு கலக்க விடாதீர்கள், கைப்பேசிகளையும் வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது குழு உள்ளே வருவதற்குள் வாட்ஸ்அப்பில் விடை வந்திருக்கும். நம் பிள்ளைகளின் ஒற்றுமை அந்த விஷயத்தில் மட்டும் அபாரம்.

முதல் நிலையம் சி.பி.ஆர். இரண்டு நிமிடம் விடாமல் செய்யச் சொல்லுங்கள். பத்து அழுத்தம் அழுத்தி நிறுத்தச் சொன்னால் எல்லாரும் வீரர்கள்தான். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப வேண்டும். வேகத்துக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். கைப்பேசியில் நேரம் பாருங்கள், 30 அழுத்தம் 15 முதல் 18 வினாடிக்குள் முடிய வேண்டும். 12 வினாடியில் முடித்தால் அவசரம், 22 ஆனால் மெத்தனம். ஆழத்தை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். அனுபவப்பட்ட பயிற்றுநர்களே அதில் தவறுகிறார்கள். சரியான ஆழம் போனால் 'கிளிக்' சத்தம் வருகிற பொம்மை இருந்தால் அதை இந்த நிலையத்தில் போடுங்கள். மற்றதை, காத்திருப்பவர்கள் கைப்பழக்கம் செய்து பார்க்கக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது நிலையம், நம் தோட்டத்துக்கே உரியது. செம்பனைக் குலை வெட்டுகிற நீள அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு ஆள் விழுந்து கிடக்கிறார், கம்பு இன்னும் கம்பியில் சாய்ந்திருக்கிறது. வெளியே ஒரு மூங்கிலைச் சாய்த்து, சட்டைக்குள் துணி திணித்த உருவத்தைக் கீழே போட்டால் போதும். "போ, உதவி செய்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நல்ல மனசுக்காரன் எவனும் ஓடிப்போய்த் தொடுவான். தொட்டால் அங்கேயே முடிந்தது, இரண்டாவது பிணம் அவன்தான். தூர நிற்க வேண்டும், மற்றவர்களையும் தூர நிறுத்த வேண்டும், 999ஐக் கூப்பிட வேண்டும், மின்சாரத்தை நிறுத்த, மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் 15454ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

அந்த 999 அழைப்பையும் அங்கேயே சோதியுங்கள். பயிற்றுநர் போனை எடுப்பவராக நடிக்கட்டும், மலாயில் பேசட்டும். எந்த லாடாங் (தோட்டம்), எந்தப் பிரிவு, மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்தில் திரும்புவது, கோயிலா, பழைய ஸ்டோரா, எது அடையாளம், ஆம்புலன்ஸை வரவேற்க யார் எங்கே நிற்பார்கள். இதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். காட்டுக்குள் பாதைக்குப் பெயர் கிடையாது. "அந்த மண்டோர் வீட்டுக்குப் பின்னால" என்றால் ஈப்போவிலிருந்து வருகிற டிரைவருக்கு என்ன தெரியும்?

மூன்றாவது பாம்புக்கடி. இதற்கு பொம்மை வேண்டாம், தோட்டத்துப் பாட்டி ஒருவர் வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "கயித்தை இறுக்கிக் கட்டு, பிளேடால கீறு" என்று விடாமல் சத்தம் போட வேண்டும். சோதனைக்கு வந்தவன் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பாம்பைத் துரத்தக் கூடாது. காலை அசையாமல் தாங்கு வைத்து, மோதிரம் கொலுசு இருந்தால் கழற்றி, படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதெல்லாம் தாளில் எல்லாரும் சரியாக எழுதுவார்கள். எதிரில் சொந்தப் பாட்டி வயசில் ஒருவர் கத்தும்போது மரியாதை குறையாமல் மறுக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. நான் வைத்த ஒரு பாட்டி நடிப்பில் மூழ்கி, பையனை விறகுக் கட்டையால் ஒரு தட்டு தட்டிவிட்டார். அவன் அப்போதும் கயிறு கட்டவில்லை. அவனுக்கு முழு மார்க்.

நான்காவது, கேள்வித்தாள். அதில் ஒரு கேள்வியாவது வீடியோ காட்டிக் கேளுங்கள். இதயம் நின்றவர் சில நேரம் மீன் வாயைத் திறப்பது போல விட்டு விட்டு இழுப்பார். அதை மூச்சு என்று நினைத்து சி.பி.ஆர். தொடங்காமல் விடுகிறார்கள். வார்த்தையில் கேட்டால் "அது மூச்சல்ல" என்று எழுதுவார்கள். படத்தில் காட்டினால் பாதிப் பேர் "மூச்சு இருக்கிறது" என்பார்கள்.

இப்போது பாஸ் மார்க். டீச்சர், இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எல்லாவற்றையும் கூட்டி 100க்கு 60 என்று போடாதீர்கள். எழுத்தில் 95 வாங்கி, மின்கம்பியைத் தொட்டவனும் சராசரியில் பாஸ் ஆகிவிடுவான். ஒவ்வொரு நிலையத்திலும் தவறவே கூடாத ஒன்றிரண்டு விஷயத்தை முதலிலேயே எழுதி வையுங்கள். அது தவறினால் மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் அந்த நிலையம் போச்சு. ஆனால் ஒன்றிரண்டு மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு எழுதினால் நீங்களும் பாஸ் ஆக மாட்டீர்கள்.

டிக் போடுகிற பட்டியலோடு ஒரு ஒட்டுமொத்த தீர்ப்பும் இருக்கட்டும். "என் அப்பா விழுந்து கிடந்தால் இவன் கையில் விடுவேனா?" விடுவேன், யோசிப்பேன், விட மாட்டேன். மூன்றில் ஒன்று. வெறும் பட்டியல் மட்டும் வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கைதேர்ந்தவன் தேவையில்லாததைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போவான், அவனுக்கு டிக் குறையும். ஒவ்வொன்றையும் ஒப்பிக்கிறவனுக்கு டிக் நிறைய விழும். 'யோசிப்பேன்' என்று வந்தவர்களின் சராசரி டிக் எண்ணிக்கையை பாஸ் மார்க்காக எடுக்கிற முறை பெரிய கல்லூரிகளில் உண்டு. உங்கள் 20 பேரில் அப்படி மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள், அந்தக் கணக்கு நிற்காது. தவறக் கூடாத விஷயங்களும் இந்தத் தீர்ப்பும் போதும். அப்புறம், தோட்டத்தில் யாருக்கு யார் சொந்தமில்லை? சித்தப்பா மகனுக்கு மார்க் போடுகிற வேலையை வேறு நிலையத்துக்காரரிடம் தள்ளிவிடுங்கள்.

தேர்வு பயிற்சி நேரத்தைத் தின்றுவிடுமா என்று கேட்டீர்கள். 2009இல் டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள் மருத்துவ மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நான்கு மணி நேரமும் உயிர்காப்புப் பயிற்சி. இன்னொன்றுக்கு மூன்றரை மணி நேரம் பயிற்சி, கடைசி அரை மணி நேரம் தேர்வு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தேர்வு வைத்த குழுதான் மேல். ஆக, அந்த இரண்டு மணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ளாமல் மூன்றாம் நாள் காலையிலேயே வைத்துவிடுங்கள். மத்தியானம் முழுக்க, யார் எதில் விழுந்தார்களோ அதை மட்டும் மறுபடி பழக்கலாம். சாயங்காலம் அந்த நிலையத்தை மட்டும் மறுபடி வைக்கலாம். முடித்ததும் இரண்டு நிமிடம் தனியாக உட்கார்ந்து, எங்கே தவறியது என்று சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

இரண்டாம் தடவையும் வரவில்லை என்றால்? சான்றிதழ் கொடுக்காதீர்கள். கலந்துகொண்டதற்கு ஒரு தாள் கொடுங்கள், அவ்வளவுதான். அவனுடைய அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார், தெரியும். எனக்கும் வந்திருக்கிறார்கள். உட்கார வைத்து தேத்தண்ணி கொடுத்து, அந்த மின்கம்பிக் கதையைச் சொல்லுங்கள். சி.பி.ஆர். கைப்பழக்கம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேய ஆரம்பித்துவிடும், பாஸானவர்களுக்கும்தான். அதனால் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் இரண்டு பொம்மையையும் போட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று எல்லாரையும் வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பையனையும் கூப்பிடுங்கள்.