டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கைக்குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

புதிதாய்ப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பாலூட்டுவதைப் பாதியில் கைவிடுவதற்குப் பெரிதும் காரணம் அறியாமையா, துணையின்மையா என்பது இன்றைய தலைப்பு. அறியாமையே என்று எதிரணித் தலைவர் அழுத்தமாகப் பேசி அமர்ந்திருக்கிறார். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கத்தைச் சொன்னார். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் கழுதைப்பாலையும் சேனை என்று தொட்டு வைப்பதைச் சொன்னார். படித்த பெண்களே பால்மாவு டப்பாவை நம்பிப் போகிறார்கள் என்று வருந்தி முடித்தார். அவருடைய வருத்தம் உண்மையானது. ஆனால் நோய் இருக்கும் இடம் வேறு.

கடைசியாகச் சொன்ன டப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் நாட்டில் விற்கப்படும் குழந்தைப் பால்மாவு டப்பா ஒவ்வொன்றின் மேலும் 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்னும் பொருள்படும் வாசகம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதே சட்டம் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதையும் தடுத்திருக்கிறது. ஆக, நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த டப்பாவின் மூடியைத் திறக்கிற தாய், தாய்ப்பாலே சிறந்தது என்பதைப் படித்துவிட்டுத்தான் திறக்கிறாள். சொல்ல வேண்டிய செய்தி அவள் கையிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அவள் திறக்கிறாள் என்றால், அவளுக்குத் தெரியவில்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

ஒருத்தியை வைத்துப் பொதுவாகப் பேசக்கூடாது என்று எதிரணி மறுக்கலாம். எனவே ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்டது அது. தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100க்கு 84 பேர். இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 100க்கு 72 பேருக்கும் சற்றுக் குறைவு. அறியாமைதான் தடை என்றால், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் நாம் நாட்டுக்கே முன்னால் நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. இந்தியாவில் அப்படி வளரும் குழந்தைகள் 100க்கு ஏறத்தாழ 64; தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 55. படிப்பில் முன்னால் இருக்கும் மாநிலம் பாலூட்டுவதில் பின்னால் நிற்கிறது. இந்த ஒரு கணக்குக்கு எதிரணி விடை சொல்லட்டும்.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. நம் மாநிலத்தில் 100க்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. சீம்பாலின் அருமையை நன்கறிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் நிறைந்த இடங்கள் அவை. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 100க்கு 60 என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அறிவு நிறைந்த கூரையின் கீழேயே 40 குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் கைநழுவிப் போகிறது. அங்கே குறைவது அறிவன்று, அருகில் நிற்கும் ஓர் ஆள்.

நடுவர் அவர்களே, நம் மாநிலத்தில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையாகிவிட்டன. வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடப்பவளால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. எழுந்து உட்கார இன்னொருவர் முதுகைத் தாங்க வேண்டும். பிள்ளையை மடியில் வைத்தால் தையலில் இடிக்கும். அவளுக்கும் வழி உண்டு. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஊட்டலாம். பிள்ளையின் கால்கள் பின்பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் ஊட்டலாம். ஆனால் இந்த வழிகளைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவளும்கூட, பிள்ளையைத் தூக்கி அந்த நிலையில் கிடத்த இன்னொரு சோடிக் கை இல்லாமல் என்ன செய்துவிட முடியும்?

இங்கே என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல அவையின் அனுமதியைக் கோருகிறேன். நான் பள்ளி ஆசிரியை. தாய்ப்பாலின் சிறப்பை வகுப்பில் பலமுறை நடத்தியவள். என் தலைப்பிள்ளை அறுவைச் சிகிச்சையில் பிறந்தான். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே இரவில் அந்தத் தளம் முழுவதற்கும் ஒரே ஒரு செவிலியர்தான் இருந்தார். ஓடி ஓடிக் களைத்த அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 'பால் கொடுங்கம்மா' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இரண்டும் கல்லாக இறுகிக் கொதித்தன. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை வாய் வைத்த ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளையும் அழுதான். 'பால் ஊறவில்லை போல இருக்கிறதே' என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். கணவர் கடைக்குப் போய் டப்பாவோடு வந்தார். அந்த வாசகத்தை நானும் படித்தேன்.

அன்று மாலை எங்கள் தெருவில் குடியிருந்த, பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பிள்ளையைப் பார்க்க வந்தார். நர்சம்மா என்றுதான் தெருவே அவரை அழைக்கும். அவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. கையைக் கழுவினார். முதலில் நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். வெதுவெதுப்பான துணியால் ஒற்றடம் கொடுத்து, கருவளையத்தைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்திக் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்து, இறுக்கத்தைத் தளர்த்தினார். என் முதுகுக்கு ஒன்றும் கக்கத்தருகே ஒன்றுமாகத் தலையணைகளை வைத்தார். பிள்ளையின் வயிறு என் உடம்போடு ஒட்டும்படி திருப்பி, அவன் மூக்குக்கு நேரே காம்பு வரும்படி வைத்துக்கொண்டு, அவனாக வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தார். திறந்த கணத்தில் சட்டென்று அணைத்துச் சேர்த்தார். 'காம்பை மட்டும் கொடுக்காதே கண்ணு, கருவளையமும் வாய்க்குள்ள போகணும். தாடை மார்பைத் தொடணும். கீழுதடு வெளியே மடங்கியிருக்கணும்' என்றார். வலி பாதியாகக் குறைந்தது. சற்று நேரத்தில் பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை அந்த அறையில் கேட்டது. என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்சம்மா அடுத்த ஐந்து மாலையும் வந்தார்.

அன்று காலைக்கும் மாலைக்கும் இடையில் எனக்குக் கூடிய அறிவு என்ன? தாய்ப்பால் உயர்ந்தது என்பது காலையிலேயே எனக்குத் தெரியும். பிள்ளையைச் சரியாகப் பொருத்தும் முறையையும் புத்தகத்தில் படித்திருந்தேன். மாலையில் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு மனிதர். பழகிய இரண்டு கைகள். 'உனக்குப் பால் இருக்கிறது' என்று என் மார்பையும் பிள்ளையின் கன்னத்தையும் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரு வாய்.

இதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. பாலைச் சுரக்கச் செய்வது புரோலாக்டின் என்னும் இயக்குநீர். சுரந்த பாலைக் காம்பை நோக்கித் தள்ளிவிடுவது ஆக்சிடோசின். வலியும் அச்சமும் கலக்கமும் மிகுந்தால் ஆக்சிடோசின் வெளிப்படுவது தடைப்படும். பால் உள்ளே இருந்தும் இறங்காது. தனித்து விடப்பட்ட தாய்க்கு அதனாலேயே பால் இறங்கத் தாமதமாகிறது. தாமதமாவதைக் கண்டு அவள் அஞ்சுகிறாள். அஞ்ச அஞ்ச இன்னும் தாமதமாகிறது. இடையில் புட்டிப்பாலைக் கொடுத்துவிட்டால் பிள்ளை சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறைகிறது. 'எனக்குப் பால் போதவில்லை' என்று பெண்கள் சொல்லும் இடத்துக்குப் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்து சேருகிறார்கள். பிறந்த முதல் நாளில் பிள்ளையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் கொள்ளும், சில துளிச் சீம்பாலே அதற்குப் போதும் என்பதையும், ஐந்தாறு நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்பதையும், அவள் கலங்கிக் கிடக்கும் அந்த வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். ஏழாம் மாதத்தில் பரிசோதனைக்கு வந்தபோது கொடுத்த துண்டறிக்கை மூன்றாம் நாள் இரவில் பேசாது.

இந்தத் திருச்சி மண்ணில் நின்றுகொண்டு மலைக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்து சேர முடியாமல் போனபோது, பேறுகால வலியில் தவித்த இரத்தினாவதிக்குச் சிவபெருமான் அவள் தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்தார் என்பது தாயுமானவர் கோயிலின் தலவரலாறு. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை அவர் அவள் கூடவே இருந்தார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதலில் வேண்டியது என்ன என்பதை இந்த ஊர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

அக்காலத்து மருத்துவச்சியும் அப்படித்தான். பிரசவம் பார்த்ததோடு அவள் வேலை முடிந்துவிடவில்லை. நாள்தோறும் வந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, தாய்க்கு வேது கொடுத்து, மார்பைத் தொட்டுப் பார்த்து, பத்தியம் சொல்லிவிட்டுப் போவாள். பிரசவத்தை மருத்துவமனைக்கு மாற்றியது சரியான முடிவு. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததற்கு அந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். அதைத் திருப்பிவிட வேண்டும் என்று நான் பேசவில்லை. ஆனால் பிரசவத்தை மருத்துவரிடம் ஒப்படைத்த நாம், பிரசவத்துக்குப் பிந்திய மருத்துவச்சியின் வேலையை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. பச்சிளங்குழந்தைக்கான தேசியத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில், தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்ப நலம் என்று அத்தனையையும் சுமக்கும் ஒரு செவிலியர் ஒரு தாயின் பக்கத்தில் எத்தனை நிமிடம் உட்கார முடியும்? முறையாகப் பயின்ற மகப்பேற்றுச் செவிலியர்களைத் தனியே உருவாக்க 2018இல் இந்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியராகத் தேர்ந்தவர்களுக்கு மேலும் 18 மாதப் பயிற்சி. தேவை துணைதான் என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

இன்னும் ஒன்று. நம் மாநிலத்தில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டன. தாய்மார்களுக்குப் பாடம் நடத்தவா அவை? மறைவாக உட்கார ஓர் இடம் இல்லாமல் பிள்ளையை அழவிட்டுக்கொண்டு பயணம் செய்தார்கள். இடம் கொடுத்ததும் ஊட்டினார்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. ஆறு மாதம் பிள்ளையோடு இருக்க முடிகிறவளுக்கு ஆறு மாதம் ஊட்டவும் முடிகிறது. கட்டடத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் தீப்பெட்டி ஒட்டப் போகிறவளுக்கும் அந்தச் சட்டம் எட்டவில்லை. நாற்பதாம் நாளே கூலிக்குப் போய், பிற்பகலில் மார்பு கனத்து இரவிக்கை நனைய நிற்கும் அந்தப் பெண்ணிடம் போய், 'உனக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியவில்லை' என்று சொல்ல எதிரணியினருக்கு மனம் வருமா?

எதிரணி சொன்ன சேனையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது அறியாமைதான். ஆனால் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். அறுவை அறையில் மயங்கிக் கிடக்கும் தாய் அல்லள். அந்த அறியாமையும் சுவரொட்டியால் தீர்வதில்லை. நர்சம்மா வந்த மாலையில் என் பாட்டி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடுதான் வாசற்படியில் நின்றிருந்தார். பேரனுடைய விழுங்கல் ஓசையைக் கேட்டபின் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது, தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் அதே பாட்டிதான்.

இவ்வளவு முயன்றும் ஊட்ட முடியாமல் போன தாய்மார்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களில் ஒருவரையும் அறியாதவர் என்று எங்கள் அணி சொல்லாது. உங்கள் அருகில் யார் இருந்தார்கள் என்று மட்டுமே நாங்கள் கேட்கிறோம். நடுவர் அவர்களும் தீர்ப்பு எழுதும்முன் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன். வணக்கம்.