முகம் தெரியாத படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய புகைப்படம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் பாட்டி, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்ப்பார்கள். முகம் தெரியத்தானே படம் எடுத்தார்கள்? நான் சொல்லப்போகும் படங்களில் முகமே தெரியாது.

1924. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். அங்கே மின்யா டீட்ஸ்-டூர்கோப் என்றொரு பெண் புகைப்படக் கலைஞர். அவர் அப்பாவும் பேர்போன புகைப்படக்காரர். லவினியா ஷுல்ட்ஸ், வால்டர் ஹோல்ட் என்ற நடனத் தம்பதியை, அவர்களே செய்த முகமூடி வேடங்களில் மின்யா படம் எடுத்தார். பூச்சியா, இயந்திரமா, வேறு உலகத்து உயிரா, சொல்ல முடியாது. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

எதில் செய்தார்கள் தெரியுமா? சாக்குத்துணி, கம்பி, காகிதக்கூழ். ஆமாம், நாம் பொம்மை செய்கிற அதே காகிதக்கூழ்தான். உடை கனக்கும், உடம்பை அழுத்தும். அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் ஆட்டம் என்று லவினியா நினைத்தார். படத்தைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்: அசையாமல் நிற்கிற அந்த உருவத்துக்குள் ஒருவர் பாரம் சுமக்கிறார்.

கலைக்குக் காசு வாங்கக் கூடாது என்பதும் லவினியாவின் பிடிவாதம். இதை மட்டும் என்னால் மெச்ச முடியவில்லை. 1923இல் ஜெர்மனியில் ரொட்டிக்கே கட்டுக்கட்டாகப் பணம் வேண்டியிருந்தது. வீட்டில் கைக்குழந்தை. வறுமை முற்றி, 1924 ஜூனில் கணவரைச் சுட்டுவிட்டு லவினியா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

வேடங்கள் ஹாம்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. பெட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் கிடந்து, 1980களில்தான் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தன. படத்தில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தவை எல்லாம் வண்ணம் தீட்டியவை! எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கும். படம் வடிவத்தைக் காப்பாற்றியது, பெட்டி வண்ணத்தைக் காப்பாற்றியது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஓஸ்கர் ஷ்லெம்மர் என்ற ஜெர்மானிய ஓவியர், இதுபோன்ற விசித்திர வேடங்களோடு 1922இல் ஸ்டுட்கார்ட்டில் அரங்கேற்றிய நடனத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. இப்படி வேடம் போட்ட இன்னொருவர், ஹூகோ பால் என்ற கவிஞரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1916, சூரிக். கால்களில் நீல அட்டைக் குழல், தலையில் நீளத் தொப்பி. நடக்கவே முடியாமல், இருட்டில் அவரை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். அந்தக் கோலத்தில் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அவருடைய முகம் அதில் தெரியும். வணக்கம்.