சம்பளப் பட்டியலில் நண்பர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றி. 1950களின் நடுவில் அவர் புகழ் பெறத் தொடங்கியதிலிருந்து 1977 ஆகஸ்டில் இறக்கும் வரை, அவர் தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கூடவே நாலைந்து பேராவது இருந்தார்கள். அவரோடு சாப்பிட்டார்கள், அவர் பார்த்த படத்தையே பார்த்தார்கள், அவர் போன ஊருக்கெல்லாம் போனார்கள். நண்பர்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வாராவாரம் அவரிடம் சம்பளம் வாங்கிய நண்பர்கள். நட்பும் சம்பளமும் ஒரே கையிலிருந்து வரும்போது ஒரு மனிதனிடம் 'இது வேண்டாம், விட்டுவிடு' என்று சொல்ல யாரால் முடியும்? எல்விஸின் கடைசி வருடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கு மெம்ஃபிஸ் மாஃபியா என்று பெயர் வைத்தார்கள். 1960 வாக்கில் லாஸ் வேகஸில் கறுப்பு சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கும்பலாக வந்து இறங்கியதைப் பார்த்து வைத்த பெயர். பெயரைக் கேட்டு ஏதோ அடியாள் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள், அம்மா வழிச் சொந்தக்காரப் பையன்கள், பட்டாளத்தில் கூட இருந்தவர்கள்.

தொடக்கம் மெம்ஃபிஸ் நகரத்து ஹ்யூம்ஸ் பள்ளியில். எல்விஸ் 1935-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ ஊரில் பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைக் குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. 1948-இல் பிழைப்புத் தேடி குடும்பம் மெம்ஃபிஸுக்கு வந்தது. ஏழைப் பையன், கூச்ச சுபாவம், ஆனால் தலைமுடியை மட்டும் யாரும் வளர்க்காத அளவுக்கு வளர்த்து எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பான். ஒருநாள் பள்ளிக் கழிப்பறையில் சில பையன்கள் அவனைச் சுற்றி வளைத்து முடியை வெட்டப் பார்த்தார்கள். அப்போது உள்ளே வந்து தடுத்தவன் ரெட் வெஸ்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுப் பையன். ரெட் அவனுக்கு நெருங்கிய சிநேகிதனும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒருவனை மடக்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் எல்விஸ் ஊர் ஊராகப் போய்ப் பாடத் தொடங்கியபோது அதே ரெட் வண்டி ஓட்டினார், மெய்க்காப்பாளர் ஆனார். எல்விஸ் பாடுவதற்குப் பாட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கழிப்பறையில் ரெட் யாருடைய சம்பளத்துக்கும் நிற்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1958 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அம்மா கிளாடிஸ் இறந்துபோனார். எல்விஸ் அப்போது ராணுவத்தில். அம்மா போன துக்கம் ஆறுவதற்குள் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா, பாட்டி, ரெட், லாமர் ஃபைக் எல்லாரும் பின்னாலேயே போனார்கள். லாமர் மிகப் பருமனான ஆள். எல்விஸோடு தானும் பட்டாளத்தில் சேரப் போய், எடை காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர். சேர்க்காவிட்டால் என்ன என்று ஜெர்மனிக்குப் போய்விட்டார். முகாமுக்கு வெளியே பாட் நௌஹைம் என்ற ஊரில் வீடு எடுத்து எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள்தான் சிகாகோக்காரர் ஜோ எஸ்போசிட்டோவும் அலபாமாவிலிருந்து வந்த சார்லி ஹாட்ஜும். ஊர் திரும்பியதும் ஜோ கணக்கு வழக்கையும் பயண ஏற்பாட்டையும் கவனிக்கிற பொறுப்பாளர் ஆனார். தனியாக இருக்க முடியாத பழக்கம் எல்விஸுக்கு அந்த வருடங்களில்தான் இறுகியது என்று நினைக்கிறேன். அம்மா இருந்த இடத்தை ஒரு கூட்டத்தை வைத்து நிரப்பப் பார்த்தார்.

அந்த வீட்டு வாழ்க்கை எப்படி இருந்தது? கிரேஸ்லேண்ட் மாளிகையை 1957-இல், 22 வயதில், ஏறக்குறைய ஒரு லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். அங்கே பொழுது சாயங்காலம்தான் விடியும். எல்விஸ் பிற்பகலுக்கு மேல்தான் எழுந்திருப்பார். வெளியே பகலில் தலைகாட்டினால் கூட்டம் மொய்க்கும், அதனால் ஊர் அடங்கிய பிறகு தியேட்டரை வாடகைக்கு எடுப்பார்கள். மெம்ஃபியன் என்ற தியேட்டர். நள்ளிரவில் தொடங்கி இரண்டு படம், மூன்று படம். அவருக்கு ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்தி வேறு ரீல் போடச் சொல்வார். மற்றவர்களுக்குக் கதை பாதியில் போகும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பொருட்காட்சி மைதானத்தையும் ராத்திரிக்கு மொத்தமாக எடுத்து ராட்டினம் ஏறுவார்கள். சறுக்கு மைதானத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வார்கள். வீட்டுப் பின்புறத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவர் மேல் ஒருவர் வாணவெடி விடுவார்கள்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவனுக்கு அந்தக் கடிகாரம் ஒத்துவருமா? ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தால் கிளம்ப வேண்டும். சுற்றுப்பயணத்துக்கு மனைவிமார் பெரும்பாலும் வரக்கூடாது. அந்தப் பெண்கள் பட்டதை யாரும் போதுமான அளவு பேசவில்லை. எல்விஸின் மனைவி பிரிசில்லாவுக்கே தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணவனோடு தனியாக உட்காரக் கிடைத்த நாட்கள் குறைவு.

ஆளுக்கொரு வேலை உண்டு. ஒருவர் துணிமணி, ஒருவர் வண்டிகள், ஒருவர் அறை ஏற்பாடு. சார்லி ஹாட்ஜின் வேலை மேடையில். 1970களின் கச்சேரிப் படங்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். எல்விஸுக்குச் சற்றுப் பின்னால் கிதாரோடு நின்று சேர்ந்து பாடுகிற குள்ளமான மனிதர்தான் சார்லி. பக்கத்தில் கழுத்துத் துணிகள் கட்டாக இருக்கும். ஒன்றை எடுத்து எல்விஸ் கழுத்தில் போடுவார். எல்விஸ் அதில் வியர்வையைத் துடைத்து முன்வரிசையில் கை நீட்டும் பெண்ணுக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டுத் தலை நிமிர்வதற்குள் அடுத்த துணி கழுத்தில் விழுந்திருக்கும். தண்ணீர்க் குவளையும் அப்படித்தான், கை நீட்டினால் இருக்கும். பாட்டின் தாளம் ஒரு இடத்திலும் தட்டாது. இதைத் தொண்டூழியம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு கலைஞனின் நிதானம் தெரிகிறது.

சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பரிசு வந்தால் கொட்டும். காடிலாக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், மின்னல் சின்னமும் டி.சி.பி. ('டேக்கிங் கேர் ஆஃப் பிசினஸ்', காரியத்தைக் கவனிக்கிறோம்) என்ற மூன்று எழுத்தும் வைத்த தங்கப் பதக்கங்கள். 1967-இல் மிசிசிப்பியில் ஒரு பண்ணையை வாங்கி, கூட்டத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் குதிரையும் வண்டியும் தங்குவதற்கு இழுவை வீடுகளும் வாங்கிக் கொடுத்தார். அப்பா வெர்னன் செலவைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஜெர்ரி ஷில்லிங் என்பவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். உனக்கென்று ஒரு வீடு இருந்ததே இல்லை என்று சொல்லி 1974-இல் அவருக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வீடே வாங்கிக் கொடுத்தார் எல்விஸ். அந்த அன்பு உண்மையானது. ஆனால் சம்பளம் என்றால் அது உழைத்தவனுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்கலாம். பரிசு கொடுப்பவர் மனம் வைத்தால்தான் வரும். வருடக்கணக்காகப் பரிசில் வாழ்ந்தவன் மேல் ஏறுகிற கடன் செஞ்சோற்றுக் கடன். அதற்கு அடைப்பே கிடையாது.

1970 டிசம்பர் 21-ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்விஸ் விமானத்திலேயே, விமான நிறுவனத்தின் தாளில், ஜனாதிபதி நிக்சனுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நாட்டைப் போதைப்பொருளிலிருந்து காக்க உதவ விரும்புகிறேன், எனக்கு அதிகாரபூர்வமாக ஒரு பொறுப்பு வேண்டும் என்று. விடியற்காலையில் வெள்ளை மாளிகை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கே அழைத்துவிட்டார்கள். கூடப் போனவர்கள் ஜெர்ரியும், ரெட்டின் உறவினர் சன்னி வெஸ்ட்டும். பேசி முடித்ததும், வெளியே நிற்கிற என் நண்பர்களையும் பார்ப்பீர்களா என்று எல்விஸ் கேட்டார். அவர்கள் உள்ளே வந்தார்கள். நிக்சன் மேஜை இழுப்பறையைத் திறந்து நினைவுப் பரிசுகள் எடுத்துக் கொடுத்தார். உடனே எல்விஸ், இவர்களுக்கு மனைவிமாரும் இருக்கிறார்கள் ஐயா என்று சொல்லி, ஜனாதிபதியோடு சேர்ந்து தானும் இழுப்பறைக்குள் துழாவ ஆரம்பித்துவிட்டார். எல்விஸ் என்ற மனிதரை எனக்குப் பிடித்துப்போக இந்த ஒரு நிகழ்ச்சி போதும். அன்று கேட்டபடியே போதைப்பொருள் தடுப்புத் துறையின் அதிகாரி பேட்ஜ் கிடைத்தது. ஆனால் தான் விழுங்கிவந்த, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளைப் போதைப்பொருளாக அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. கூட இருந்த யாராவது அன்றைக்கு உட்காரவைத்து அதைச் சொல்லியிருக்கலாம்.

சொன்ன சமயங்களும் உண்டு. அதனால் நன்மை விளைந்ததும் உண்டு. 1968-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒத்திகை. வேலை முடிந்ததும் எல்விஸ் ஒப்பனை அறையில் தன் ஆட்களோடு உட்கார்ந்து கிதார் வாசித்துப் பழைய பாட்டுகளைப் பாடிக் கேலி பேசுவார். இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் அதைப் பார்த்துவிட்டு, இதைத்தான் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். சின்னச் சதுர மேடையில் பழைய கிதார்க்காரர் ஸ்காட்டி மூரும், டிரம் வாசிக்கிற டி.ஜே. ஃபோன்டானாவும், அவர்களோடு நண்பர் கூட்டத்திலிருந்து சார்லியும் ஆலன் ஃபோர்ட்டாஸும் வட்டமாக உட்கார்ந்தார்கள். டிரம் கிடையாது, கிதார்ப் பெட்டியின் மேல் தட்டினார்கள். ஏழு வருடமாக மேடைக் கச்சேரியே செய்யாத மனிதர் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்ததும் பழைய எல்விஸாகிவிட்டார். அடுத்த ஜனவரியில் நாஷ்வில் போய்ப் பாட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, மெம்ஃபிஸிலேயே சிப்ஸ் மோமன் என்பவரின் அமெரிக்கன் ஸ்டுடியோ இருக்கிறதே, அங்கே ஏன் பாடக்கூடாது என்று கூட்டத்தில் ஒருவரான மார்ட்டி லாக்கரும், பள்ளித் தோழர் ஜார்ஜ் க்ளைனும் வற்புறுத்தினார்கள். எல்விஸ் கேட்டார். 'சஸ்பீஷியஸ் மைண்ட்ஸ்' அங்கே பதிவானதுதான். 1962-க்குப் பிறகு அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் பிடித்துக் கொடுத்த பாட்டு. கேட்கிற காது அவருக்கு இருந்தது, சொல்கிற வாய்தான் வரவரக் குறைந்தது.

கூட்டத்திலேயே வித்தியாசமானவர் லாரி கெல்லர். 1964-இல் முடி திருத்த வந்தவர். முடியை விட்டு ஆன்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்விஸ் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படித்தார், கலிபோர்னியாவில் யோகானந்தர் நிறுவிய ஆசிரமத்துக்குப் போய்வந்தார், அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த தயா மாதாவிடம் மனம்விட்டுப் பேசினார். மற்ற ஆட்களுக்கு லாரியைக் கண்டால் ஆகாது. மேலாளர் கர்னல் பார்க்கருக்கு இன்னும் ஆகாது. 1967-இல் எல்விஸ் குளியலறையில் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டதைச் சாக்காக வைத்துக் கர்னல் லாரியை ஒதுக்கினார். புத்தகங்களும் எரிக்கப்பட்டன. நண்பர்களில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதை மேலாளர் தீர்மானித்தார், அப்பா தீர்மானித்தார். அந்த வருடம் மே முதல் தேதி லாஸ் வேகஸில் நடந்த எல்விஸின் கல்யாணத்தில் ஜோவும் மார்ட்டியும் மாப்பிள்ளைத் தோழர்களாக நிற்க, நண்பர்களில் பலருக்கு மோதிரம் மாற்றிய அறைக்குள்ளேயே இடமில்லை. ரெட் வெஸ்ட்டும் வெளியேதான். அந்த மனக்கசப்பு அவருக்குத் தீரவே இல்லை.

1970களில் மாத்திரைகள் கூடின. மருத்துவர் நிக்கோபுலஸும் வட்டத்துக்குள் வந்துவிட்ட நண்பர்தான். 1977-இல் மட்டும், எட்டு மாதத்துக்குள், அவர் எழுதிக் கொடுத்தது பத்தாயிரம் மாத்திரை, ஊசிகளுக்கு மேல் என்று விசாரணையில் வெளிவந்தது. தட்டிக் கேட்டவர்கள், மாத்திரை கொண்டுவந்தவர்களை மிரட்டியவர்கள் தாங்கள்தான் என்று ரெட்டும் சன்னியும் பின்னால் சொன்னார்கள். 1976 ஜூலை 13-ஆம் தேதி ரெட், சன்னி, இன்னொரு மெய்க்காப்பாளர் டேவ் ஹெப்ளர் மூவரையும் வெர்னன் வேலையிலிருந்து நீக்கினார். செலவு மிஞ்சிவிட்டது, இவர்கள் முரட்டுத்தனத்தால் வழக்குகள் வருகின்றன என்பது காரணம். எல்விஸ் ஊரில் இல்லை. முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இருபது வருடப் பழக்கம் இப்படி முடிந்தது. இதை நான் மன்னிக்க மாட்டேன், எல்விஸை எவ்வளவு நேசித்தாலும்.

மூவரும் சேர்ந்து நடந்ததையெல்லாம் புத்தகமாகச் சொன்னார்கள். அது கடைக்கு வந்தது 1977 ஆகஸ்ட் தொடக்கத்தில். எல்விஸை உலுக்கி எழுப்பவே எழுதினோம் என்றார்கள். அதில் கோபமும் உண்டு, பணத் தேவையும் உண்டு. ஆனால் மாத்திரையைப் பற்றிய செய்தி பொய்யில்லை. வேலையில் இருந்தபோது உரக்கச் சொல்ல முடியாததை வேலை போன பிறகு ஊருக்கே சொன்னார்கள்.

ஆகஸ்ட் 16 அதிகாலை எல்விஸ் மாமன் மகன் பில்லி ஸ்மித்தோடு பந்து விளையாடினார், பியானோ வாசித்தார். சாயங்காலம் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டும். பிற்பகலில் குளியலறையில் விழுந்து கிடந்தார். அலறல் கேட்டு மேலே ஓடியவர்களில் ஜோ ஒருவர். ஆஸ்பத்திரியில் மூன்றரை மணிக்குக் கைவிரித்துவிட்டார்கள். வயது 42. பெட்டியைத் தூக்கியவர்கள் ஜோ, சார்லி, லாமர், ஜெர்ரி, ஜார்ஜ், பில்லி, இன்னும் சிலர். மருத்துவரும் தூக்கினார். கடைசியாகத் தலைமுடியைச் சீர்செய்தவர் லாரி கெல்லர். தூக்கியவர்களில் ரெட் இல்லை.

உயிலில் பாட்டி, அப்பா, மகள் லிசா மேரி. நண்பர்கள் ஒருவருக்கும் பங்கு இல்லை. சம்பளமும் அதோடு நின்றது. பிறகு ஒவ்வொருவராகப் புத்தகம் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள், ரசிகர் கூட்டங்களில் பேசினார்கள். செத்தவரை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று திட்டினார்கள் ஊரார். இளமை முழுவதையும் இன்னொருவர் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதுக்குப் பக்கத்தில் கையில் வேறு தொழில் இல்லாமல் நின்றவர்களை அப்படித் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ரெட் வெஸ்ட் நடிக்கப் போனார். 2008-இல் வந்த ஒரு படத்தில், எழுபது வயதுக்கு மேல், முக்கிய வேடத்தில் மிக நன்றாக நடித்திருக்கிறார். 2017-இல் இறந்தார். சன்னியும் அதே வருடம்தான்.

நன்றி, வணக்கம்.