ஊட்டியில் நேராகப் போன பந்து சென்னையில் ஏன் வளைகிறது?

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்கு இந்த வாரம் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்று என்னைப் பேனாவும் காகிதமுமாக உட்கார வைத்துவிட்டது. அதனால் இன்று அந்த ஒரு கேள்விதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வியைச் சுருக்கி வாசிக்கிறேன். "சார், எனக்கு 49 வயது. அப்பா நீலகிரியில் தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்தார். கல்லூரி முடிக்கும் வரை அவரோடு ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் ஆடுவேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று 25 வருடம் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, தொடவே இல்லை. இப்போது சென்னையில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அன்றைக்கு டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கிற அந்தப் பெரிய கிளப்பில், பந்து 230 யார்டு போகும், ஓரளவு நேராகவும் போகும். இன்று 190 தாண்டுவதில்லை. அதுவும் வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. 'தலையைத் தூக்காதே, இடது கையை மடக்காதே' என்று அப்பா சொன்னதை அப்படியே செய்து பார்க்கிறேன், பலன் இல்லை. என் பழைய ஸ்விங்கைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? அப்பாவின் கிளப்புகளையே வைத்து ஆடலாமா?"

நல்ல கேள்வி. ஸ்விங்குக்கு வருகிறேன், முதலில் ஊட்டியைப் பேசிவிடலாம். ஏனென்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பறக்கிற பந்தைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது காற்று. காற்று லேசாக இருந்தால் பந்து கூடுதலாகப் போகும். எவ்வளவு கூடும் என்பது அடிக்கு அடி மாறும், ஆனால் அந்த உயரத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்களுடைய 230 யார்டு, சென்னையில் அன்றைக்கே 210க்குக் கீழேதான் இருந்திருக்கும். நீங்கள் தொலைத்துவிட்டதாக நினைக்கிற 40 யார்டில் பாதி உங்களிடம் இருந்ததே இல்லை. மீதிப் பாதிதான் வயது, அதோடு பழக்கம் விட்டுப்போனது.

எனக்கு இன்னும் பிடித்தது அடுத்த விஷயம். பந்து சுழன்றுகொண்டே போகிறது, அந்தச் சுழற்சி காற்றைப் பிடித்துக்கொண்டுதான் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்று லேசானால் அந்தத் தள்ளலும் குறையும். அதாவது வலப்பக்கம் வளைகிற அடியை, ஸ்லைஸ் என்போமே அதை, ஊட்டியில் அடித்தாலும் அது குறைவாகத்தான் வளையும். இப்போது புரிகிறதா? நீங்கள் அன்றைக்கும் ஸ்லைஸ்தான் அடித்திருப்பீர்கள். நீலகிரி அதை மூடி மறைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் சிமுலேட்டர் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். பல சிமுலேட்டர்களில் மைதானத்தின் உயரத்தை மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை கடல் மட்டம், ஒருமுறை 2,200 மீட்டர் என்று போட்டு, அதே அடியை அடித்துப் பாருங்கள்.

ஆகவே பழைய ஸ்விங்கைத் தேட வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். கிடைத்தாலும் அது ஸ்லைஸோடுதான் வரும்.

சரி, இனி நான் எங்கே போவேன் என்று வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். முகமும் பாதையும். சொல்லிச் சொல்லிப் புளித்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். புளித்தாலும் பரவாயில்லை, புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை.

பந்தில் படுகிற அந்த நொடியில் இரண்டு விஷயங்கள்தான் கணக்கு. கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது, கிளப் எந்தப் பாதையில் வருகிறது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை முக்கால் பங்குக்கும் மேல் முகம்தான் முடிவு செய்கிறது. அப்புறம் அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் முடிவு செய்கிறது. நாம் சின்ன வயதில் கேட்டது இதற்கு நேர்மாறு, பாதை எங்கேயோ பந்து அங்கே கிளம்பும் என்பார்கள். டிராக்மேன் மாதிரி ரேடார் கருவிகள் வந்து அளந்து காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

இதை வைத்து உங்கள் பந்தை நீங்களே படிக்கலாம். வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன். பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் போய், இன்னும் வலப்பக்கம் வளைகிறதா? முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது, முதலில் பிடியைப் பாருங்கள். பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறதா? அப்போது முகம் அவ்வளவு மோசமில்லை, கிளப்தான் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. இரண்டையும் ஸ்லைஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் மருந்து வேறு வேறு. நண்பர் "வலப்பக்கம் வளைகிறது" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். எங்கே கிளம்பியது என்று எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை! பந்து போய் விழுந்த மரம் நினைவில் இருக்கிறது, கிளம்பிய முதல் இருபது யார்டு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

நம் மைதானங்களில் இதை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள், ஆடுபவரின் கிளப் பையைச் சுமந்து கூடவே வருகிற கேடிகள். சென்னையில் ஒரு வயதான கேடி இருந்தார். பாடப் புத்தகம் எதுவும் படித்தவர் இல்லை. ஒருவர் அடித்தார் என்றால் பந்து காற்றில் இருக்கும்போதே "மூஞ்சி தொறந்திருக்கு சார்" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த சார் தோள், இடுப்பு, முழங்கால் என்று எல்லாவற்றையும் அந்த வாரம் மாற்றிக்கொண்டு வந்திருப்பார். அடுத்த பந்துக்கும் கேடியின் தீர்ப்பு அதேதான். சாருக்குக் கடுப்பு, ஆனால் கேடி சொன்னதுதான் சரி. முகம் திறந்தே இருக்கும்போது இடுப்பை என்ன செய்து என்ன?

கேடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் அங்கேயே பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டு, 2016, 2017 இரண்டு வருடமும் அடுத்தடுத்து இந்தியன் ஓபனை வென்றார். இவர்கள் பந்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாம் வீடியோவில் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீடியோ போடுகிற நானே இதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லைஸ் அடிப்பவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறது, அதனால் இடப்பக்கம் திரும்பி நிற்கிறார்கள். திரும்பி நின்றால் பாதையும் இடப்பக்கம் போகும். முகம் பழையபடி இருந்தால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இன்னும் கூடும், பந்து இன்னும் வளையும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திரும்பி நிற்பார்கள். இப்படியே போனால் ஒருநாள் கிளப் ஹவுஸைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். பந்து அடித்துப் பழகுகிற ரேஞ்சில் ஒரு கிளப்பைத் தரையில் இலக்கை நோக்கிக் கிடத்தி, கால் விரல்களும் தோளும் அதற்கு இணையாக இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கால் சரியாக இருக்கும், தோள்தான் ஏமாற்றும்.

பிடிக்கு வருவோம். இடது கையை மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டிப் பிடியுங்கள். பிடித்தால் அசிங்கமாகத் தோன்றும், முதல் சில பந்துகள் தாழ்வாக இடப்பக்கம் ஓடும். ஓடட்டும். இத்தனை வருடமாக வலப்பக்கம் போன பந்து இடப்பக்கம் போவதே நல்ல செய்திதான்.

இன்னொன்று, கிளப்பின் முகத்தில் கொஞ்சம் பவுடர் தூவி அடித்துப் பாருங்கள். பந்து பட்ட இடம் தெரியும். டிரைவரில் ஹீல் பக்கம், அதாவது கிளப்பின் தண்டான ஷாஃப்டுக்கு அருகில் பட்டாலே பந்து வலப்பக்கம் சுழலும். சிலருடைய ஸ்லைஸ் அவ்வளவுதான். ஸ்விங்கில் பெரிய கோளாறு இருக்காது, பந்துக்கு ரொம்பக் கிட்டே நிற்பார்கள்.

அப்பாவின் இரண்டு கட்டளைகள். அப்பா சொன்னதை மறுத்துப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

இடது கையை மடக்காதே என்பதற்கு கால்வின் பீட் கதையை முன்பே ஒரு பகுதியில் சொல்லியிருக்கிறேன். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்து, அதற்குப் பிறகு அந்தக் கையை முழுதாக நீட்டவே முடியாமல் போனவர். கோல்ஃப் கிளப்பை முதலில் பிடித்ததே 23 வயதில். அமெரிக்க பிஜிஏ டூரில் 12 பட்டங்கள், அதில் 1985 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பும் உண்டு. டிரைவை நேராக அடிப்பதில் 1981 தொடங்கிப் பத்து வருடம் தொடர்ந்து முதலிடம். மடங்கிய கையோடு! கையை இரும்பு மாதிரி விறைத்தால் தோளும் விறைக்கும், முகம் மூடாது. நீளமாக வைத்திருங்கள், விறைக்காதீர்கள்.

தலையைத் தூக்காதே என்பதற்கு அன்னிகா சோரன்ஸ்டாம். பந்தில் அடி படும்போதே அவர் தலை இலக்கின் பக்கம் திரும்ப ஆரம்பித்திருக்கும். பெண்கள் கோல்ஃபில் பத்து மேஜர் பட்டங்கள். 49 வயதில் தலையை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டு உடம்பைச் சுற்றினால் கழுத்துக்குத்தான் கேடு, பந்துக்கு ஒரு லாபமும் இல்லை. நீங்கள் தேட வேண்டிய லாபம் குதிகாலில் இருக்கிறது. பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும், விடுங்கள். ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார், 46 வயதில் 1986 மாஸ்டர்ஸை வென்றார். குதிகால் எழும்பினால் இடுப்பு தாராளமாகத் திரும்பும். 25 வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடுப்புக்கு அந்தச் சலுகை வேண்டும்.

ஸ்விங்கை முழுதாக இடித்துக் கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிக் ஃபால்டோ செய்தார். 1985இல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கை மாற்ற ஆரம்பித்து, இரண்டு வருடம் தள்ளாடி, 1987இல் மியூர்ஃபீல்டில் கடைசி நாள் 18 குழியிலும் பார் அடித்து (குழிக்கு இத்தனை அடி என்று விதித்த கணக்கிலேயே முடித்து) பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அவருக்கு அது தொழில், நாள் முழுக்க அதுவே வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். பிடி, நிற்கிற விதம், குதிகால். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எப்படிப் பழகுவது?" என்பது. அதை யாரும் கேட்பதில்லை, அதனால் கேட்டதாகவே வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

ரேஞ்சில் பார்க்கிறேன். ஒரு கூடைப் பந்து, 7 அயர்ன் என்கிற நடுத்தர தூர கிளப், ஒரே திசை, ஒன்றன்பின் ஒன்றாக மடமடவென்று. கூடை தீரும்போது எல்லாம் நேராகப் போகிறது, மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகிறார்கள். மைதானத்தில் அது வருவதில்லை. ஏன் வரும்? மைதானத்தில் ஒரே அடியை இரண்டு முறை யாராவது அடிக்கிறோமா? ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றுங்கள், இலக்கை மாற்றுங்கள். டிரைவர், அப்புறம் 8 அயர்ன், அப்புறம் குழிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கிற மாதிரி ஒரு சின்ன சிப். ரேஞ்சில் கேவலமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். ஆனால் அப்படிக் கற்றதுதான் நிற்கும்.

மனதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 1999இல் ஆராய்ச்சியாளர் காப்ரியேல வூல்ஃபும் அவரோடு இருந்தவர்களும் கோல்ஃபே தெரியாதவர்களுக்கு பிட்ச் ஷாட், அதாவது பந்தைத் தூக்கி அடிக்கிற குறுந்தூர அடி, கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் கைகள் அசைவதைக் கவனி என்றார்கள், இன்னொரு குழுவிடம் கிளப் அசைவதைக் கவனி என்றார்கள். கிளப்பைக் கவனித்தவர்கள் நன்றாக அடித்தார்கள். அப்புறம் எதுவும் சொல்லாமல் அடிக்கச் சொன்னபோதும் அவர்களே முன்னால் நின்றார்கள். இடது கை, தலை என்று உங்கள் மனம் முழுக்க உடம்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கிளப்பின் முகத்தில் வையுங்கள். பார்த்தீர்களா, மறுபடி முகத்துக்கே வந்துவிட்டேன்.

கடைசியாக அப்பாவின் கிளப்புகள். அயர்ன்களை வைத்துத் தாராளமாக ஆடலாம். பக்கத்தில் ஆடுபவர் 7 அயர்னில் உங்களைவிடக் கூடுதல் தூரம் அடித்தால் மனம் தளர வேண்டாம். அன்றைய 7 அயர்னின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 35 டிகிரியை ஒட்டி இருந்தது, இன்று பலவற்றில் 30 அல்லது அதற்கும் கீழே. எண் மட்டும்தான் அதே 7. டிரைவரை மட்டும் மாற்றிவிடுங்கள். இன்றைய டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டர் வரை வருகிறது, தள்ளிப் பட்டாலும் பழையதைப் போலத் தண்டிக்காது. ஷாஃப்ட் பற்றி முன்பே ஒரு முழுப் பகுதி பேசியிருக்கிறேன், அதைப் பாருங்கள்.

அயர்ன்களை வைத்துக்கொள்வதாக இருந்தால் கிரிப் ரப்பரை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். 25 வருடம் கிடந்த ரப்பர் காய்ந்து வழுக்கும். வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும், இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது, முகம் திறந்தே வரும். சென்னை வியர்வைக்கு நூல் கலந்த கிரிப் நல்லது. செலவும் குறைவுதான், பாடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

மாற்றிவிட்டு எழுதுங்கள் சார். எழுதும்போது பந்து எங்கே கிளம்பியது என்பதையும் எழுதுங்கள். மணல் குழியான பங்கர் பற்றிக் கேட்டிருந்தவருக்கு அடுத்த வாரம்.