பஞ்சு மிட்டாயின் மவுசு போனது சாயத்தாலா, பாக்கெட்டாலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நான் பாக்கெட்டு அணி.

எதிரணித் தோழர் 2024 பிப்ரவரியைப் பிடித்த பிடி விடவே இல்லை. புதுச்சேரியில் தடை, அதே மாதம் தமிழ்நாட்டிலும் தடை, துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் மிட்டாயில் இருந்தது, அன்றோடு போனது மவுசு என்றார். தடை சரிதான், நானே கைதட்டினேன். ஆனால் நோயாளி எப்போது படுத்தார் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியைச் சொல்கிறாரே!

திருவிழாவில் அந்த வண்டியை நினைத்துப் பாருங்கள். நடுவில் சுழலும் கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரை. அது சூட்டில் உருகி, சுழலும் வேகத்தில் சன்ன ஓட்டை வழியே தெறித்து, காற்றுப் பட்டதும் இழையாகும். அண்டா ஓரத்தில் சிலந்தி வலை போல ஒட்டுவதைக் குச்சியில் உருட்டி உருட்டி எடுப்பார். நாம் வாயைப் பிளந்து நிற்போம். ஒரு கரண்டி சர்க்கரை நம் தலையை விடப் பெரிதாகிவிடும்! கொடுத்த காசில் பாதி அந்த வேடிக்கைக்குத்தான். (1897-ல் அமெரிக்காவில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் பல் டாக்டர். தொழில் தெரிந்தவர்.) 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இதன் விலை நுழைவுச் சீட்டில் பாதி, அப்படியும் 68 ஆயிரம் மிட்டாய்களுக்கு மேல் விற்றன.

வாங்கிய கையோடு தின்றாக வேண்டும். காற்றின் ஈரம் பட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். வீட்டிலிருக்கும் அண்ணனுக்குப் பங்கு எடுத்துப் போகும் தொல்லையே கிடையாது.

அதைப் பிடித்துப் பிளாஸ்டிக் பையில் அடைத்தார்கள். கம்பில் கட்டிக் கடற்கரையிலும் சிக்னலிலும் தினமும் விற்றார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மாமா தினமும் வந்து உட்கார்ந்தால், யார் எழுந்து நின்று காபி கொடுப்பார்கள்? அப்புறம், எங்கோ ஒரு அறையில் சுற்றிப் பையில் வந்தால், எந்த டப்பாவைத் திறந்து நிறம் போட்டார்கள் என்று யார் பார்த்தது? தோழர் சொன்ன சாயமே இந்தப் பாக்கெட்டுக்குள் ஒளிந்து வந்ததுதான்.

சாயம்தான் மவுசைக் கொன்றது என்றால், கல்யாண மண்டபத்தில் கண்ணெதிரே சுற்றிக் கொடுக்கும் மிட்டாய்க்கு ஏன் அவ்வளவு வரிசை? போன மாதம் ஒரு கல்யாணத்தில் நானும் நின்றேன், வெள்ளை மிட்டாய்தான். எனக்கு முன்னால் இரண்டாவது முறையாக வந்து நின்றவர் இந்த எதிரணித் தோழர். வணக்கம்.