சாப்பாட்டுக் கடைக்குள் நாயை விடலாமா? எங்கள் தெருவில் நடக்கும் வழக்கு

வணக்கம் மக்களே. பெரம்பூரிலிருந்து பேசுகிறேன். நடுவில் ரயில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடியை விட்டால் உட்கார்ந்து பேச எனக்கு வேறு இடமில்லை. இன்று சமையலும் இல்லை, கடைவீதியும் இல்லை. எங்கள் தெருவையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு விஷயம். பேசாமல் இருக்க முடியவில்லை.

தெருமுனையில் புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். நடத்துவது நம் பகுதிப் பையன்கள்தான். படித்து முடித்து, கடன் வாங்கி, ஆசையாகத் தொடங்கிய கடை. உள்ளே ஆறு மேசை, வாசலில் நடைபாதையை ஒட்டி மூன்று. சென்ற மாதம் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘உங்கள் செல்லப் பிராணிகளையும் அழைத்து வரலாம்.’ தென்சென்னையில் இப்படிக் கடைகள் இருக்கின்றனவே, வடசென்னையில் ஏன் இருக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நல்லது எதுவும் கூவத்தைத் தாண்டி நம் பக்கம் வருவதற்குப் பல வருடம் ஆகிறது என்ற கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சிக்கல் வந்தது. ஒருவர் தன் லாப்ரடாரை அழைத்து வந்து உள்ளே ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். சாதுவான நாய், தரையில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மேசையில் பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, பாதித் தட்டில் எழுந்துவிட்டார். அவருடைய சின்ன மகள் நாற்காலி மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. டீக்கடையில் இதே பேச்சு, ரேஷன் வரிசையில் இதே பேச்சு. கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூட்டமே போட்டுவிட்டது.

கூட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம். “என் வீட்டுப் பிள்ளை அது, அதை வெளியே கட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே சாப்பிட வேண்டுமா?” என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் முழுக்கத் தாய்மார்கள். அவர்கள் நினைவில் இருப்பது 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் நடந்தது. மாநகராட்சிப் பூங்காவுக்குள்ளேயே ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அவையும் ஒருவர் வீட்டில் செல்லமாக வளர்ந்தவைதாம். எங்கள் தெரு ஆயா ஒருவர் எழுந்து சொன்னார்: “நாய் திண்ணையில் படுத்திருந்தால் வீட்டுக்கு லட்சணம். சோறு போடும் இடத்தில் அதற்கு என்ன வேலை?” பாதிக் கூட்டம் கைதட்டியது, பாதிக் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

என் வீட்டிலும் நாய் இருக்கிறது. பெயர் மணி. தெருவில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தோம். அதனால் நாய் பிடிக்காதவள் பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படியிருந்தும் இந்தச் சண்டையில் நான் அந்த அக்காவின் பக்கம்தான் நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஓர் இடத்தில் நாயை விடலாமா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது அங்கே பயப்படுகிறவர் விலகிப் போக வழி இருக்கிறதா என்பதைத்தான். நாய் நல்ல நாயா, கெட்ட நாயா என்பது அதற்குப் பிறகு. கடற்கரையில் இருபது அடி தள்ளி நடக்கலாம். அகலமான பூங்காவில் வேறு பாதையில் போகலாம். இந்தக் கடையில் இரண்டு மேசைக்கு நடுவே தோசைத் தட்டோடு வரும் பையன் உடம்பை ஒருச்சாய்த்துத்தான் நுழைகிறான். நாற்காலியில் உட்கார்ந்த நான்கு வயதுப் பிள்ளையின் முகமும் பெரிய நாயின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அந்தக் குழந்தை எங்கே விலகும்? நாற்காலி மேல்தான் ஏறும், ஏறியது. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தத் தாயின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உணவகங்களுக்கு உரிமம் வழங்கும் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். விலங்குகள், பறவைகள், வளர்ப்புப் பிராணிகள் உணவு நிறுவனத்துக்குள் நுழைய விடக் கூடாது என்று அதில் இருக்கிறது. கடைப் பையன்களிடம் இதைச் சொன்னேன். வெளிநாட்டில் விடுகிறார்களே என்றார்கள். உண்மைதான், இங்கிலாந்தில் சமையலறைக்குள் மட்டும்தான் தடை, சாப்பிடும் இடத்தைக் கடைக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா 2015இல் அனுமதித்தது. ஆனால் எதை அனுமதித்தது? வெளியே போட்டிருக்கும் மேசைகளை மட்டும். நாய் கடைக்குள் நுழையாமல் அங்கே போக வெளிப்புறமாகவே தனி வழி வேண்டும், கயிறு கட்டியிருக்க வேண்டும், நாற்காலியில் ஏற்றக் கூடாது. அனுமதியோடு இந்தக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே வந்தன. நம் ஊரில் கதவில் காகிதம் ஒட்டியதோடு வேலை முடிந்துவிட்டது.

இன்னொன்று, இதை நாய் வளர்ப்பவர்களிடம்தான் சொல்ல வேண்டும். கடைக்கு வருவது நாய்க்குப் பிடித்திருக்கிறதா? மணியை மாலை நேரத்தில் கடைத்தெருப் பக்கம் அழைத்துப் போனால் காதுகள் பின்னால் மடங்கிவிடுகின்றன, வால் கால்களுக்கு நடுவே போய்விடுகிறது, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. பசியில் நக்குகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், அது பதற்றம். ஹார்ன் சத்தம், கறி வாசனை, முன்பின் தெரியாத கால்கள். அந்த நிலையில் ஒரு குழந்தை ஓடிவந்து தலையைத் தொட்டால், எவ்வளவு சாதுவான நாயும் பல்லைக் காட்டக்கூடும். நம் ஆசைக்காக அதை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது அன்பாகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக எங்கள் சங்கத்துச் சிலர் சொன்னதையும் நான் ஏற்க மாட்டேன். இனிமேல் தெருவில் யாரும் நாய் வளர்க்கவே கூடாது, மீறினால் அபராதம் என்று ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். அப்படிப் போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது. வேண்டுமானால் உரிமம் எங்கே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2025 இறுதியில் மாநகராட்சி உரிமத்தையும், நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோ சிப்பையும் கட்டாயமாக்கி, எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அப்போது உரிமத்துக்குக் கட்டணம் வெறும் 50 ரூபாய். நம் பக்கத்திலேயே திரு.வி.க. நகரிலும் புளியந்தோப்பிலும் மாநகராட்சியின் செல்லப் பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை, 1903இல் தொடங்கிய கல்லூரி அது. தடுப்பூசி போட இடமில்லை என்று நாம் யாரும் சொல்ல முடியாது.

சரி, இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் லாப்ரடாரைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் எங்கள் தெருவில் பிள்ளைகளைத் துரத்துவது லாப்ரடார் இல்லை. இரவு பதினொன்றரை மணிக்குக் கீழே வந்து பாருங்கள். நேற்று எடுத்த காட்சியைப் போடுகிறேன், கவனியுங்கள். பிரியாணிக் கடை மூடும் நேரம். அண்டாவைக் கழுவிய தண்ணீர் கால்வாயில் ஓடுகிறது. மிச்சமான குஸ்கா, வெங்காயப் பச்சடி, எலும்பு எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார் கடைப் பையன். அவர் முதுகைத் திருப்புவதற்குள் பழுப்பு நாய் ஒன்று வந்து பையைப் பல்லால் கிழிக்கிறது. அடுத்த சந்திலிருந்து மூன்று நாய்கள். எதிர்ச் சந்திலிருந்து இரண்டு. இப்போது உறுமல் கேட்கிறதா? எலும்புக்குச் சண்டை. அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து சைக்கிளில் வருகிறவர் கால்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறார், பாருங்கள். தினமும் இதுதான் நடக்கிறது. நாய்கள் எங்கள் தெருவில் கூடுவதற்கு நாமே விருந்து வைத்துவிட்டு, பிறகு நாய் வண்டிக்குப் போன் செய்கிறோம்.

நாய் வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். இந்த ஊர் அதைத்தான் பல பத்தாண்டுகள் செய்தது. மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, அப்படியும் குறையவில்லை. ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலிருந்து கருத்தடைதான் வழி என்று சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆகிவிட்டது. காரணம் எளிமையானது. ஒரு தெருவில் நாய்கள் காலியானால், சோறு அப்படியே கிடக்கும்போது பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். அவை தடுப்பூசி போட்டவையா என்று யாருக்கும் தெரியாது. நம் தெரு நாய்க்கே கருத்தடையும் தடுப்பூசியும் செய்து இங்கேயே கொண்டுவந்து விட்டால், அது குட்டி போடாது, வெளி நாயையும் உள்ளே விடாது. அந்தப் பழுப்பு நாயின் காதைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். நுனியில் சின்னதாக வெட்டு தெரிகிறதா? கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம். அதோடு சண்டைக்கு நிற்கும் கறுப்பு நாய்க்கு இரண்டு காதும் முழுதாக இருக்கின்றன. மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கறுப்பு நாயைப் பற்றித்தான். 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் என்று தெரியவந்தது. அவ்வளவையும் அடைத்து வைக்க இந்த ஊரில் எங்கே இடம்?

உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதையே சொன்னது. கருத்தடை, தடுப்பூசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது. நாய் நேசர்கள் கவனிக்க வேண்டிய பகுதியும் அதே உத்தரவில் இருக்கிறது: தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, ஒவ்வொரு வார்டிலும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் தினமும் பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் பால்சோறு வைக்கிறார். தங்கமான மனிதர், சொந்தக் காசு. ஆனால் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் வரும் வழியில் நாய்களைக் கூட்டி வைப்பதை எப்படி ஏற்பது? அவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

இடையில் ஒரு முக்கியமான விஷயம், தயவு செய்து இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யாரையாவது நாய் கடித்தால், வளர்ப்பு நாயாக இருந்தாலும் சரி, உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்து மருத்துவமனைக்கே போகாமல் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்: முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் அடுத்தடுத்து. ஒன்றைக்கூட விடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். நான் கேட்கப் போவதை எழுதி வைத்திருக்கிறேன். கடைக்குள் நாய் வேண்டாம். வாசல் மேசை மூன்றையும் நடைபாதையிலிருந்து கடையின் சொந்த இடத்துக்குள் தள்ளிப் போட்டால், அதில் ஒன்றை மட்டும் நாயோடு வருகிறவர்களுக்கு விடலாமா என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமே எழுதிக் கேட்போம், அவர் மறுத்தால் அதோடு விட்டுவிடுவோம். பிரியாணிக் கடைக்கு மூடி போட்ட டிரம் ஒன்று. அதற்கு பாயிடம் பேசிவிட்டேன், பாதிச் செலவைச் சங்கம் ஏற்றால் வைக்கிறேன் என்கிறார். சோறு வைக்க ரயில்வே சுவர் ஓரம், இரவு பத்து மணிக்கு மேல். பிறகு பெரிய கோரிக்கை ஒன்று: தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மூன்று மண்டலங்களிலும் தலா ஒரு பூங்காவில் வேலி போட்ட ஒரு மூலையை நாய்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும். மணியும் அந்த லாப்ரடாரும் அங்கே ஓடி விளையாடட்டும், நாயைக் கண்டால் நடுங்குகிறவர்கள் மீதிப் பூங்காவில் நிம்மதியாக நடக்கட்டும். இதற்கான மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அக்கா போட்டுவிட்டார், லாப்ரடார்காரரும் போட்டுவிட்டார். வியாசர்பாடி, கொளத்தூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் தெருவில் எந்தப் பூங்காவில் அப்படி ஒரு மூலை இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மனுவில் அந்த இடத்தையும் சேர்க்கிறேன்.