கோயில் பூனையும் ஒன்பது ஆண்டும்

(லண்டன் ஹாரோவில், தமிழ்க் கோயில்கள், வாரயிறுதிப் பள்ளிகள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் அறங்காவலர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, தம் பேத்தியின் பிறந்தநாளை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, பள்ளி ஆசிரியைகளே, வடமேற்கு லண்டனிலிருந்து நம் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் யூத நண்பர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நண்பருக்குக் காதோடு காதாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை: நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவன், பழமொழி வரும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கு, நிறுத்துகிறேன். நண்பர் சாப்பிடுவதற்காக, யூத உணவு விதிக்கு உட்பட்டது என்று காட்டும் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் பார்த்து வாங்கிவந்த மகளிர் அணிக்கும் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் செயலாளரைக் கேளுங்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, யூத சமூக அறக்கட்டளைகள் தங்கள் அறங்காவலர்களை எப்படிப் பயிற்றுவிக்கின்றன, எப்படித் தாங்குகின்றன என்பது. நான்கு செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று வரலாறு. இரண்டு பயிற்சி. மூன்று ஆதரவு. நான்கு, அடுத்த ஆளிடம் ஒப்படைப்பது. நான்காவதுதான் என் கட்சி என்பது இங்கே பலருக்குத் தெரியும். இப்போதே இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

தமிழர் கூட்டத்தில் யூதர் கதை எதற்கு என்று கேட்கலாம். வாசலில் மெனோரா விளக்கு நின்றால் என்ன, மயில் நின்றால் என்ன, இரண்டு வீட்டாரும் ஆண்டுக் கணக்கு அனுப்புவது ஒரே அறக்கட்டளை ஆணையத்துக்குத்தான். அதே சட்டம், அதே ஆறு கடமைகள், சம்பளம் இல்லாத அதே நாற்காலி. அவர்கள் அந்த நாற்காலியில் நமக்கு வெகு முன்னால் உட்கார்ந்தவர்கள். (உறவும் புதிதல்ல. கொச்சி யூதர்களின் தலைவருக்கு அந்த ஊர் மன்னர் கொடுத்த பட்டம் முதலியார். கைதட்டலுக்கு நன்றி. இது தலைப்புக்குள் வராது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம் சமயம் யூதம் என்று எழுதியவர்கள் 2,71,327 பேர். மக்கள்தொகையில் அரை சதவீதம். இத்தனை சிறிய சமூகம் வைத்திருக்கும் அமைப்புகளைப் பாருங்கள். லண்டனின் பெவிஸ் மார்க்ஸ் தொழுகைக்கூடம் 1701-இல் திறந்தது, இன்றும் வழிபாடு நடக்கிறது. 1795-இல் ஏழைகளுக்கென்று தொடங்கிய, ஜூஸ் ஹாஸ்பிட்டல் என்று பெயர் பெற்ற ஆதரவு இல்லத்தின் வழிவந்ததுதான் இன்றைய நார்வுட் அறக்கட்டளை. 1859-இல் யூத ஏழைகளுக்கான காப்பாளர் வாரியம். அதன் வாரிசு பார்வையற்றோர் சங்கத்தோடு 1990-இல் சேர்ந்து ஜூயிஷ் கேர் ஆனது. 1870-இல் தொழுகைக்கூடங்களின் கூட்டமைப்பான யுனைடெட் சினகாக்கை நாடாளுமன்றச் சட்டமே போட்டு அமைத்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இலேயே அகதிகளுக்காக ஒரு நிதியம். அதுதான் இப்போது வேர்ல்டு ஜூயிஷ் ரிலீஃப். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மேசை, அதைச் சுற்றிச் சம்பளமில்லாமல் பத்துப் பன்னிரண்டு பேர்.

அந்த மேசைக்கு ஆள் பிடிப்பது அன்றைக்கும் எளிதாக இல்லை. இதற்கு ஒரு கதை சொல்கிறேன், கதைபோல இருந்தாலும் நடந்தது. ஆண்டு 1813. பெவிஸ் மார்க்ஸ் சபையை ஆள்கிற குழுவுக்கு மஹமத் என்று பெயர். அந்தக் குழு ஒருவரைப் பர்னாஸாக, அதாவது நம் ஊர்க் கணக்கில் தர்மகர்த்தாவாக, தேர்ந்தெடுக்கிறது. யாரை? ஐசக் டிஸ்ரேலி. எழுத்தாளர். நாளெல்லாம் புத்தகக் குவியலுக்குள் கிடக்கிற மனிதர். சந்தாவை ஒழுங்காகக் கட்டுவார், தொழுகைக்கூடத்துப் பக்கம் அதிகம் தலைகாட்ட மாட்டார். அவரை யாரும் கேட்கவில்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, நேர்காணல் இல்லை; நீர்தான் இந்த ஆண்டு பர்னாஸ் என்று செய்தி மட்டும் போகிறது. அவர் மறுக்கிறார். இவ்வளவு நாள் உங்கள் காரியங்களுக்கு வெளியே இருந்தவனை ஏன் பிடித்திழுக்கிறீர்கள் என்று கடிதம் எழுதுகிறார். சபை விடுமா? விதிப்புத்தகத்தில் இருக்கிறது, பதவியை மறுத்தால் அபராதம். எவ்வளவு? 40 பவுண்ட். 1813-ஆம் ஆண்டு 40 பவுண்ட், ஐயா! நம்மிடையே அந்த நாற்காலிக்கு வருவதற்குச் செலவழிப்பவர்கள் உண்டு; அங்கே வராமல் இருப்பதற்குக் கட்டச் சொன்னார்கள்.

சந்தா தருகிறேன், அபராதம் தரமாட்டேன் என்றார் அவர். சபையும் இறங்கி வரவில்லை. இழுபறியிலேயே ஆண்டுகள் போயின. 1816-இல் ஐசக்கின் தந்தை காலமானார். பெரியவர் இருந்தவரை முறியாமல் இருந்த கயிறு அடுத்த ஆண்டு முறிந்தது. ஐசக் சபையை விட்டு விலகினார். ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம் செய்துவைத்தார். மூத்த பையனுக்கு அப்போது வயது 12. பெயர் பெஞ்சமின். பெஞ்சமின் டிஸ்ரேலி! யூத சமயத்தில் இருப்பவர் மக்களவையில் உட்காருவதற்கு 1858 வரை வழியில்லை. ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பையனோ 1837-இலேயே உள்ளே போய்விட்டார். 1868-இல் பிரதமர், 1874-இல் மறுபடியும் பிரதமர். 1876-இல் விக்டோரியாவுக்கு இந்தியாவின் மகாராணி என்ற பட்டத்தைச் சட்டமாக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அறங்காவலர் நியமனம் ஒன்றைச் சரியாகச் செய்யாததால் ஒரு சபை குடும்பத்தையே இழந்தது. நம் தாத்தா பாட்டியின் பள்ளிப் புத்தகத்தில் மகாராணி படம் வந்ததற்கும் அந்த 40 பவுண்டுக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு இருக்கிறது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

இப்போது அபராதம் கிடையாது. ஆனால் கேட்காமல் பிடிக்கிற பழக்கம் போய்விட்டதா? ஆணையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது. அறங்காவலர்களில் பத்தில் ஏழு பேர் தெரிந்தவர் மூலம், வாய்வார்த்தையாக வந்தவர்கள். ஆண்கள் பெண்களைப்போல் இரு மடங்கு. பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். யூத சமூகம் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கத் தயங்கவில்லை. யூதத் தலைமைக் கவுன்சில் 2011-இல் பெண்கள் தலைமை பற்றி ஓர் ஆணையமே வைத்தது. அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது. தலைமைப் பயிற்சிக்கென்று லீட் என்ற பிரிவை அதே கவுன்சில் நடத்தியது. லண்டன் ஸ்டாம்ஃபர்ட் ஹில் பக்கத்து ஆசார யூதப் பிரிவினரின் சின்னச் சின்ன அமைப்புகளுக்கு இன்டர்லிங்க் அறக்கட்டளை தோள் கொடுக்கிறது. இங்கே பெண்களைச் சமையலறைப் பொறுப்புக்கு மட்டும் கூப்பிடுகிற சபைகள் எவை என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. கவுன்சிலர் அம்மையார் சிரிக்கிறார்கள், அது போதும்.

பயிற்சி என்றால் நாற்பது பக்கத் தாளைக் கொடுத்து வீட்டில் படியுங்கள் என்பதல்ல. நான் தொழிலில் கணக்காளர். புதியவர்கள் வந்தால் ஒரு கற்பனைக் கணக்கை முன்னால் வைப்பேன். ஒரு யூத முதியோர் இல்லம். வங்கியில் 90,000 பவுண்ட். இந்த மாதச் சம்பளம் 11,000. கொடுக்கலாமா? எல்லாக் கையும் மேலே போகும். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்வேன். அந்தத் தொண்ணூறில் எழுபதாயிரம் கூரை மாற்றவென்று ஒருவர் எழுதிக் கொடுத்தது. பன்னிரண்டாயிரம் பெசாக் பண்டிகைக்கு இல்லாதவர் வீடுகளுக்கு மட்ஸா ரொட்டியும் மளிகையும் அனுப்புவதற்கென்று திரட்டியது. மீதி எட்டாயிரம். இப்போது சம்பளம்? தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கும். கூரைப் பணத்தைச் சமையற்காரர் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. நோக்கம் சொல்லித் தந்த பணம் அந்த நோக்கத்துக்கே கட்டுப்பட்டது. சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தால் தூக்கம் வரும். கை இறங்கிய பிறகு மறக்காது.

இன்னொன்று. அந்தக் கூரையை மாற்றுகிறவர் பொருளாளரின் அக்கா மகன் என்று வையுங்கள். சிறிய சமூகத்தில் இது நடக்கும், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. அப்போது பொருளாளர் முதலிலேயே உறவைச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை அறைக்கு வெளியே நிற்கவேண்டும், அவர் வெளியே போனதும் உள்ளே வந்ததும் கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும். யூத மரபுக்கு இது புதிதா? அவர்களுடைய பழைய சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதில் இருக்கிறது: தர்மப் பணத்தை வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர். கொடுக்க ஏழை இல்லாத நாளில் கையிலிருக்கும் சில்லறையை மாற்றவேண்டுமானால் வசூலித்தவர் தம் பணத்தோடு மாற்றிக்கொள்ளக்கூடாது, வேறொருவரிடம் மாற்றவேண்டும். ஒரு காசுகூடக் குறையப்போவதில்லை, ஆனாலும் பார்க்கிறவன் சந்தேகப்படக்கூடாது. எருசலேம் ஆலயத்துக் கருவூல அறைக்குள் போகிறவன் மடிப்புத் தைத்த அங்கியோ செருப்போ அணியக்கூடாது என்றும், தால்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா சொல்கிறது. போனது முதல் வரும்வரை அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம், வாயில் காசை அடக்கிக்கொள்ள முடியாதபடி!

இத்தனை விதி ஏன்? நம்மவர்களுக்குத் தெரிந்த பதில்தான். கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது. முதல் நாள் வந்தபோது அந்தப் பூனையும் பயந்து பயந்துதான் வந்தது. மணியோசைக்கு ஓடும், விளக்கைக் கண்டால் பதுங்கும். பத்தாம் ஆண்டில் மூலவர் மடியிலேயே படுத்திருக்கும். புதிதாக வந்த அறங்காவலர் ரசீது இல்லாமல் ஒரு பென்சில் வாங்கமாட்டார். இருபதாம் ஆண்டில் அவரே ரசீது கேட்பவரை முறைப்பார்.

ஆகவே என் கட்சிக்கு வந்துவிட்டேன். இந்த நாட்டில் அறக்கட்டளை நிர்வாக நெறிக்கோவை என்று ஒன்று உண்டு. 2017-இல் இந்தப் பெயரில் வந்தது, 2020-இல் புதுப்பித்தார்கள். ஒருவர் ஒன்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தால் அதைக் கடுமையாக ஆராயவேண்டும், ஏன் என்று ஆண்டறிக்கையில் விளக்கவேண்டும் என்றது அந்தப் பதிப்பு. இது சட்டமில்லை, நெறிதான். நான் கேட்பது ஒரு படி மேலே. மூன்று மூன்று ஆண்டாக மூன்று முறை. பிறகு ஓராண்டு கட்டாயம் வெளியே. இதை விதிப்புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டத்துக்கு முன் நம் யூத நண்பர் என்னிடம் ஒரு தடை சொன்னார். அவர்கள் இல்லத்தில் பதினான்கு ஆண்டாக ஒருவர்தான் கணக்குப் பார்க்கிறார், ஒரு பைசா தவறியதில்லை, அவரை அனுப்பினால் யார் வருவார் என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவர்களுடைய நூலிலேயே இருக்கிறது.

இரண்டாம் ஆலய காலம். வாரம்தோறும் சன்னிதி மேசையில் பன்னிரண்டு ரொட்டி வைக்கவேண்டும். அதைச் சுடுகிற குடும்பம் கார்மு குடும்பம். வேறு யாருக்கும் சொல்லித்தரமாட்டார்கள். அறிஞர்களுக்குப் பொறுக்கவில்லை, அலெக்சாந்திரியாவிலிருந்து வேறு கைவினைஞரை வரவழைத்தார்கள். வந்தவர்கள் சுட்டார்கள், ஆனால் அடுப்பிலிருந்து உருக்குலையாமல் எடுக்கத் தெரியவில்லை, ரொட்டியில் பூஞ்சை பிடித்தது. மறுபடியும் கார்மு வீட்டு வாசலுக்கே ஆள் போனது. கூலியை இரட்டித்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள்! ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்டால், ஆலயம் ஒருநாள் இடியும், தகாதவன் கற்று அதை வேறு தெய்வத்துக்குப் படைப்பான் என்றார்கள். இந்தக் குடும்பத்தைத் திருடர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஒருநாளும் வெள்ளை ரொட்டி இருந்ததில்லை, ஆலயத்து மாவை எடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. அவ்வளவு சுத்தமான கை. இருந்தும் மிஷ்னா அவர்களைப் பழிப்பட்டியலில்தான் எழுதியிருக்கிறது, கற்றதைக் கற்பிக்க மறுத்தவர்கள் என்று.

கோயில் பூனைப் பழமொழி இவர்களுக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். இவர்கள் கடைசிவரை தேவருக்கு அஞ்சியவர்கள். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியம். ஒன்பது ஆண்டு விதி கள்ளனைப் பிடிக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். நல்லவரை நம்பியே இருந்து பழகிய சபையில் அவருக்கு மாரடைப்பு வந்தால் வங்கிக் கடவுச்சொல்கூட யாருக்கும் தெரிவதில்லை. நண்பரே, உங்கள் பதினான்கு ஆண்டுப் பொருளாளரை நாளைக்கே அனுப்பச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு முப்பது வயதுப் பெண் ஒருவரை உட்காரவையுங்கள். மூன்று பட்ஜெட் அவர் கூட இருந்து போடட்டும். பெரியவர் பிறகு ஆலோசகராக இருக்கலாம், வாக்கு மட்டும் இருக்காது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடம் என்று. முன்பு அனுப்பியதும் ஐந்து நிமிடம்தான். ஆதரவு பற்றி நிறையச் சொல்லவேண்டியிருந்தது: புதியவருக்கு மூத்தவர் ஒருவரைத் துணையாக வைப்பது, அறங்காவலர் பொறுப்புக் காப்பீடு, சபைக்குள் சண்டை வந்தால் வெளியாள் ஒருவரைக் கூப்பிடுவது. அதையெல்லாம் நண்பரே தம் உரையில் சொல்வார், என்னைவிட நன்றாகவே சொல்வார்.

ஒன்பது ஆண்டு விதிக்கான மாதிரித் தீர்மானம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசல் மேசையில் இருக்கிறது, சாப்பாட்டுச் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய் அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். எதிர்த்து வாக்களிப்பவர்கள் எத்தனை ஆண்டாகப் பதவியில் இருக்கிறார்கள் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பளித்தமைக்கு நன்றி. வணக்கம்.